நாலு வரி, முக்கால் பக்கம்

மார்ச் 2

சுண்டுக்கு அண்ணன் எழுதச் சொல்வது.

எழுதுகிறவர் நம் வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருப்பவர். என் கைநாட்டுக் கைக்கு இனி உன் அண்ணிக்குப் பதில் இவர்தான் பேனா. உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "பெரியவரே, துணிக்குத்தான் நான் கத்தரி போடுவேன். உங்க பேச்சுக்குப் போட மாட்டேன். சொன்னது சொன்னபடி விழும். யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்தில் இருந்தது?

போன மாசம் போனில் பேச்சுப் பாதியில் நீ வைத்துவிட்டாய். "நான் வரட்டுமா அண்ணா?" என்று நீ கேட்டதற்கு, "இங்க என்ன கண்காட்சியா நடக்குது, வந்து பார்க்க?" என்று நான் சொன்னது தப்பாம். தையல்காரர் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ வந்தால் அழுவாய். உன்னைப் பார்த்து உன் அண்ணி அழுவாள். யார் கண்ணை யார் துடைப்பது? ஆகவே இனி போன் வேண்டாம். போனில் என் நாக்கு என்னை விட்டு நாலடி முன்னே ஓடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அண்ணிக்கு மூளையில் ரத்தம் அடைத்து நாலு மாசமும் பத்து நாளும் ஆகின்றன. நடக்கிறாள். வலது கை பாதி வந்துவிட்டது. பேச்சுத்தான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில் சொல்ல வாயெடுத்தால் "தா, தா" என்று அந்த ஒரே சத்தம். எழுத்தும் போயிற்று. பேனா கொடுத்தால் கொக்கி கொக்கியாக இழுத்துவிட்டுக் காகிதத்தைக் குப்புறப் போட்டுவிடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா, சுண்டுவிரல் அளவில் ஒரு குச்சி கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டரில் செருகினால் திரை நிறையப் படம் வருமாம். படத்தை அழுத்தினால் அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டர் சத்தமாகச் சொல்லுமாம். கைபேசியில் படம் சின்னது, அவள் விரல் நடுங்கிப் பக்கத்துப் படத்தில் போய் விழுகிறது. பெரிய திரை வேண்டும்.

நாலாவது தெருவில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போய்க் கேட்டேன். கடைக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "படிக்கத் தெரிஞ்சவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றான். ஐம்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். எழுபத்து மூன்று கட்டடங்களில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று படம் எதுவும் பார்க்காமல் சொல்வேன். அவன் கடைக்குத் தண்ணீர் வருவதே நான் போட்ட குழாயில்தான். சொல்லாமல் வந்துவிட்டேன்.

நீ இருபது வருஷமாக அந்தப் பெட்டிகளோடு குடும்பம் நடத்துகிறாய். பழசு ஒன்று இருந்தால் அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை விஷயத்துக்காக. இரண்டாம் முறை, இது என் அண்ணன்தானா என்று. உங்கள் கடிதம் எப்போதும் 'சாப்பிட்டாயா, தூங்கினாயா, கழுத்து வலி எப்படி இருக்கிறது' என்றுதான் தொடங்கும். இதில் ஒரு நலம் விசாரிப்பு கூட இல்லை. மூன்றாம் முறை படித்தபோது, அண்ணியின் நிலைமையில் யாருக்குத்தான் நலம் விசாரிக்கத் தோன்றும் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் கட்டாயம் வரும். ஆனால் முழுதாக வராது. சேர்த்து முடித்த பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பினால், உள்ளே இருக்கிற கனமான பாகம் ஆடி ஆடிப் பலகையை உடைத்துவிடுகிறது. இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன். பாகம் பாகமாக அனுப்புகிறேன். சேர்ப்பது நீங்கள்.

பயப்படாதீர்கள். வேண்டுமென்றுதான் சொல்கிறேன். சேர்த்தவருக்குத்தான் பிரிக்கத் தெரியும். அண்ணியின் பேச்சு அந்தப் பெட்டிக்குள் இருக்கப்போகிறது. அது நின்றுபோனால், நாலாவது தெருக்காரர் எப்போது வருவார் என்று அண்ணி வாய்மூடிக் காத்திருக்க வேண்டுமா?

முதல் பார்சலில் இரும்புப் பெட்டியும் மதர்போர்டும் இருக்கின்றன. மதர்போர்டு என்பது மற்ற எல்லாம் வந்து உட்காரும் பலகை. உங்கள் வேலையில் சொன்னால் எல்லாக் குழாயும் வந்து சேர்கிற மெயின் லைன். அதை இப்போதே பெட்டிக்குள் மாட்டிவிடாதீர்கள். அது வந்த அட்டைமேலேயே மேஜையில் வைத்து வேலை செய்யுங்கள். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இரும்புப் பெட்டியின் மேல் ஒரு நொடி கை வையுங்கள். நம் உடம்பில் தேங்கி நிற்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும். பித்தளையில் ஒன்பது சின்னக் கால்கள் தனிப் பொட்டலத்தில் இருக்கும். அவற்றைப் பெட்டியில் திருகி, அதன்மேல்தான் பலகை நிற்க வேண்டும். பலகையின் அடிப்பக்கம் இரும்பில் பட்டால் எரிந்துபோகும்.

எழுத்து படிக்கிற வேலையே உங்களுக்கு வராது. எது எங்கே சேருமோ அந்த இரண்டு இடத்திலும் ஒரே நிறத்தில் நகப்பூச்சு வைத்திருக்கிறேன். சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். எங்கள் கம்ப்யூட்டர் பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். "அக்கா, கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா?" என்றான் ஒருவன்.

அண்ணியிடம் சொல்லுங்கள், சுண்டு கேட்டாள் என்று.

உங்கள் தங்கை


மார்ச் 17

சுண்டுக்கு,

பெட்டி வந்தது. உன் கடிதத்தைத் தையல்காரர் இரண்டு தடவை படித்தார். மூன்றாம் தடவை நான் சொன்னேன், அவர் சரிபார்த்தார். ஒரு சொல் பிசகவில்லை. "பெரியவரே, உங்களுக்கு எழுத்து தெரிஞ்சிருந்தா இந்த ஞாபகம் இருந்திருக்காது" என்றார். திட்டினாரா, பாராட்டினாரா தெரியவில்லை. ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

பித்தளைக் கால்கள் நல்ல உருப்படி. கையில் வைத்துப் பார்த்தேன், கனம் இருக்கிறது. ஒன்பதையும் திருகிவிட்டேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு ரப்பர் வாஷர் போட்டால் என்ன? அதிராது. நீ சரி என்றால் போடுகிறேன்.

நகப்பூச்சு விஷயத்தைச் சொன்னபோது உன் அண்ணி சிரித்தாள். நாலு மாசத்தில் சத்தம் வெளியே வந்த சிரிப்பு அதுதான். மேஜையில் பலகையை வைத்தால் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நான் பெட்டியில் கை வைக்க மறந்தால் "தா!" என்று அதட்டுகிறாள்.

கழுத்து வலி எப்படி இருக்கிறது? நீ சொன்னதால் கேட்கிறேன். உனக்குக் கழுத்து வலி என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

வாஷர் வேண்டவே வேண்டாம். அது குழாய் இல்லை, கசியாது. பித்தளை நேராக இரும்பில் பட வேண்டும்.

கழுத்து வலி தெரியாதா? போன வருஷம் வெந்நீர் ஒத்தடம் கொடு, தலையணையை மாற்று என்று முழுப் பக்கம் எழுதியது யார்? வயசாகிறது உங்களுக்கு. போகட்டும்.

இந்தப் பார்சலில் பிராசசர். நெருப்புப்பெட்டியை விடச் சின்னது, ஆனால் யோசிக்கிறது அதுதான். பலகையில் அதற்கு ஒரு சதுரக் கூடு உண்டு. பக்கத்தில் இருக்கும் கம்பியைத் தூக்குங்கள். பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் இருக்கும், கூட்டின் மூலையிலும் ஒரு முக்கோணம். இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும். வைத்தால் அதுவாக இறங்கி உட்காரும். அழுத்தக் கூடாது அண்ணா. உங்கள் கை எனக்குத் தெரியும். நீங்கள் மூடிய குழாயைத் திறக்க அண்ணி பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். இந்த வேலையில் பலம் காட்டவே கூடாது. இறங்கவில்லை என்றால் தப்பாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். பிறகு கம்பியை இறக்குங்கள். அதற்கு மட்டும் கொஞ்சம் அழுத்தம் வேண்டும்.

அது சூடாகும். அதன் தலையில் விசிறி வைத்த குளிர்விப்பான் உட்காரும். இரண்டுக்கும் நடுவில் பசை. சின்ன ஊசிக்குழலில் சாம்பல் நிறத்தில் அனுப்பியிருக்கிறேன். போட்டுவிட்டு விசிறியை மாட்டுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பாகங்களுக்குத் தையல்காரர் மூலம் நீங்கள் நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடனில் இது தூசு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கட்டிக் கொடுத்த வீட்டில் அடி தாங்க முடியாமல் உங்களுக்கு எழுதினேனே, அதற்கு நீங்கள் போட்ட பதில் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. முக்கால் பக்கம். 'யார் என்ன சொன்னாலும் சரி, பையை எடுத்துக்கொண்டு கிளம்பு. உன் பங்குச் சோறு இந்த வீட்டில் எப்போதும் உண்டு.' அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இன்று உயிரோடு இருப்பேனா தெரியாது. திருப்புளியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு காலையும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை


ஏப்ரல் 1

சுண்டுக்கு,

பிராசசர் உட்கார்ந்துவிட்டது. அழுத்தவில்லை. பசையும் போட்டேன். நாலு ஓரத்திலும் ஒரு இடைவெளி இல்லாமல், ஜாயிண்டுக்குப் பூசுகிற மாதிரி வரிசையாகப் பூசினேன். நடுவில் போடவில்லை. நடுவில் போட்டால் என்ன பிரயோஜனம், ஓரத்தில்தானே கசியும்? விசிறியை மாட்டியதும் நாலு பக்கமும் பிதுங்கியது. விரலால் வழித்துவிட்டேன். சுத்தமான வேலை.

தையல்காரருக்குக் கண் வலி. அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேலை அரைமணி நேரம் நின்றது. தப்பு என்னுடையது. எங்கே பூச வேண்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

அண்ணா, அது அடைக்கிற பசை இல்லை. சூட்டைக் கடத்துகிற பசை. விசிறியைக் கழற்றுங்கள். நேராக இழுக்காமல் மெல்ல இரண்டு பக்கமும் திருகி எடுங்கள், இல்லாவிட்டால் பிராசசரும் சேர்ந்து வந்துவிடும். நூல் பிரியாத பருத்தித் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள். தையல்காரரிடம் துணிக்கா பஞ்சம்? பிறகு நட்ட நடுவில் ஒரு மிளகு அளவு வையுங்கள். அவ்வளவுதான். விசிறியின் கனம் அதைப் பரப்பிவிடும்.

இதோடு ரேம், தகவலைச் சேமிக்கிற டிஸ்க், பெரிய உருண்டை வைத்த மவுஸ், திரை நாலும் வருகின்றன. ரேம் என்பது நீளமான சின்னப் பட்டை. சிவப்புப் பொட்டு வைத்த பள்ளத்தில் செருகுங்கள். இனி மிச்சம், எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பவர் பெட்டி ஒன்றுதான். இரண்டு வாரம் ஓடவிட்டுச் சோதித்து, நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

போன கடிதத்தில் அவ்வளவு எழுதினேன். அதற்கு ஒரு வார்த்தை பதில் இல்லையே? தையல்காரர் முன்னால் கூச்சமா?

உங்கள் தங்கை


ஏப்ரல் 14

சுண்டு,

பசையைத் துடைத்து மிளகு அளவு வைத்துவிட்டேன். அது முடிந்தது.

தையல்காரருக்குக் கண் வலி இல்லை. பொய் சொன்னேன். நீ எழுதிய அந்த வரியை அவர் படித்தபோது எனக்கு மேலே கேட்க முடியவில்லை. இன்று காலை அவரிடம் கேட்டேன். "இதைச் சொன்னா பவர் பெட்டி வராமப் போயிடுமா?" அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "போனாலும் போகும்" என்றார். நூலில் முடிச்சுப் போட்டுவிட்டு, "எழுதட்டுமா, வேணாமா?" என்றார். எழுது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வரியை நான் சொல்லவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. அச்சகத்து மாடியில் தொட்டி மாற்றிவிட்டு வந்திருந்தேன். இடது கட்டைவிரலில் நகம் பெயர்ந்து துணி சுற்றியிருந்தது. உன் அண்ணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தாள். எதையும் விடவில்லை. அடி, தோளில் காயம், எல்லாம் படித்தாள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். மறந்துபோயிற்று என்று தப்பிக்க எனக்கு வழி இல்லை, எனக்குத்தான் எதுவும் மறக்காதே. நான் சொன்னது நாலே வரி. "கட்டிக் கொடுத்த இடத்திலேயே இரு. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நாலு பேர் சிரிக்கும்படி வந்து நிற்காதே. இங்கே இடம் இல்லை."

அவள் பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள். "இதையேவா எழுதணும்?"

"இதையேதான்."

எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே இருந்தாள். நாலு வரி சொன்னவனுக்கு முன்னால் உட்கார்ந்து முக்கால் பக்கம் எழுதினாள். நாலு வரி காகிதத்தில் எவ்வளவு நீளம் வரும் என்று கைநாட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? ஒட்டிக் கொடுத்தாள். நான்தான் கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் நீ பையோடு வாசலில் நின்றாய். "நீங்க சொன்னபடியே வந்துட்டேன் அண்ணா" என்றாய். என்னைக் குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். உன் தோளைப் பார்த்தேன். "சரி, உள்ள வா" என்றேன். அந்தக் கடிதத்தைப் பற்றி அப்புறம் நான் பேச்சே எடுக்கவில்லை. உள்ளே அவள் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

கழுத்து வலிக்கு ஒத்தடமும் நான் சொன்னதில்லை. 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' நான் சொன்னதில்லை. நான் சொன்னதெல்லாம், "நலம், நலமா, மழை இல்லை" அவ்வளவுதான். பிறகு வந்த உன் கடிதங்களில் கழுத்து வலி மாதிரி விஷயங்களை அவள் எனக்குப் படிக்காமல் விட்டிருக்கிறாள் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

அவளுக்கு வாய் கொடுக்க ஒரு பெட்டியைப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் சொன்ன சொல்லை என் பேரில் வைத்துக்கொண்டு அதை எப்படிப் பூட்டுவது? உன் நன்றி முழுதும் அவளுக்குப் போக வேண்டியது. வழியில் நான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன், வாங்கினதே தெரியாமல்.

பவர் பெட்டியை அனுப்பாவிட்டாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அனுப்பினால், அது அவளுக்காக என்று நினைத்து அனுப்பு.

அண்ணன்


மே 6

சுண்டுக்கு,

மூன்று வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை ஆட்டிவிடுகிறார்.

அவசரப்படுத்த எழுதவில்லை. உன் அண்ணி தினமும் காலையில் மேஜைமேல் இருக்கிற திரையைத் துடைக்கிறாள். துடைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் ஜன்னலைப் பார்க்கிறேன். அவளிடம் என்ன சொல்வது என்று மட்டும் ஒரு வரி எழுது. வராது என்றால் வராது என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நீ எழுதுவதை எழுதியபடியே சொல்வேன்.

அண்ணன்


மே 12

அன்புள்ள அண்ணா,

நீங்கள் உண்மையைச் சொன்ன கடிதம் வந்த அன்றே பவர் பெட்டி தயாராக இருந்தது. முகவரி எழுதிவிட்டு, ஒட்டாமல் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன். மூன்று வாரம் அதைக் காலால் இடித்துக்கொண்டே வேலை செய்தேன். கோபம் எனக்கு. உங்கள்மேல். பிறகு அண்ணிமேல். அவர் ஏன் என்னிடமாவது சொல்லவில்லை? பிறகு என்மேல். அண்ணி எழுதிய அறுபத்தோரு கடிதங்களில் ஒன்றில்கூட என் அண்ணனுடைய குரல் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? போனில் உங்களிடம் பேசும்போதெல்லாம், 'இவருக்குப் பேச வராது, எழுத்தில்தான் மனசு வரும்' என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

நேற்றுப் பட்டப்பகலில், சாப்பாட்டு வேளையில், அறுபத்தொன்றையும் மேசையில் பரப்பி மறுபடியும் படித்தேன். ஒவ்வொன்றும் அண்ணி. உங்கள் பெயரில் எழுதிய எந்த இடத்திலும் உங்களைக் கெட்டவராகவோ பெரிய தியாகியாகவோ அவர் காட்டவில்லை. கொஞ்சம் நல்லவராக மட்டும் எழுதியிருக்கிறார். நீங்கள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்.

ஒரு விஷயம் கேட்கிறேன். நான் வந்த மறுநாள் காலையில், குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டீர்கள். அதுவரை அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கதவை உள்ளிருந்து நான் பூட்டிக்கொண்டேன். உட்கார்ந்து அழுதேன். அதுவும் அண்ணி சொல்லித்தானா?

உங்கள் கடிதத்தில் இருப்பதை நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியப்போவதே இல்லை. தெரிந்த இன்னொருவரான அண்ணி பேச முடியாமல் இருக்கிறார். பவர் பெட்டி கைக்கு வருவதற்கு முன்னாலேயே சொன்னீர்கள். என் அண்ணன் எனக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். அதை மற்ற அறுபத்தொன்றோடு சேர்க்கவில்லை. தனியாக வைத்திருக்கிறேன்.

பவர் பெட்டி இன்று கிளம்புகிறது. அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். பெரிய கம்பிக்கட்டு பச்சைக்குப் பச்சை. மேல் மூலையில் மஞ்சள் பொட்டு வைத்த சின்ன இடத்துக்கு இன்னொரு கம்பி. எல்லாரும் மறப்பது அதைத்தான்.

சுண்டு


மே 21

சுண்டுக்கு,

தாழ்ப்பாள் நானாகப் போட்டது. அவளுக்கும் தெரியாது. அந்த ஒரு நன்றியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அவளுடையது என்று உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். தையல்காரர் படிக்கப் படிக்க அவள் புடவை நுனியை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். வலது கையால். பயிற்சி அம்மாவிடம் சொல்ல வேண்டும், கை நன்றாகவே வந்துவிட்டது.

பவர் பெட்டி வந்தது. ஆனால் கம்ப்யூட்டருக்கு உயிர் வரவில்லை. பச்சைக்குப் பச்சை, மஞ்சளுக்கு மஞ்சள், எல்லாம் சரி. விசிறி சுற்றுகிறது. திரை இருட்டு. மூன்று தடவை 'பீப், பீப், பீப்' என்று கத்திவிட்டுச் சும்மா இருக்கிறது. மறுபடி கத்துகிறது. தையல்காரர், "உங்க வீட்டம்மா மாதிரியே இதுக்கும் ஒரே சத்தம்தான் வருது" என்றார். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலாவது தெருக்காரனைக் கூப்பிடலாமா என்று அவர் கேட்டார். தேவையில்லை என்றேன். என் தங்கை இருக்கிறாள்.

நீ சொன்னதில் ஒரு சொல்லையும் நான் விடவில்லை. எங்கே தப்பு?

அண்ணன்


மே 27

அண்ணா,

மூன்று பீப் என்றால் ரேம் சரியாக உட்காரவில்லை.

'இந்த வேலையில் பலம் காட்டவே கூடாது' என்று பிராசசருக்குச் சொன்னேன். நீங்கள் அதை ரேமுக்கும் சேர்த்து ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். பூ வைக்கிற மாதிரி வைத்திருப்பீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். பட்டையின் இரண்டு முனையிலும் கட்டைவிரலை வையுங்கள். இப்போது என் அண்ணனாக அழுத்துங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்கும் வரை விடாதீர்கள்.

சுண்டு


ஜூன் 4

சுண்டுக்கு,

டக். டக். இரண்டு சத்தம். உன் அண்ணி இரண்டு விரலைக் காட்டினாள்.

திரையில் வெளிச்சம் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன், பெரிய மனிதர் யாரோ வந்த மாதிரி. பயிற்சி அம்மா நேரில் வந்து குச்சியைச் செருகி, படப் பலகையைத் திறந்துவிட்டுப் போனார். முதலில் 'தண்ணீர்' அழுத்திக் காட்டினார். பெட்டி ஒரு பெண் குரலில் "தண்ணீர்" என்றது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். "உங்களை இல்லங்க, இது சோதனை" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு உன் அண்ணி உருண்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வெகு நேரம் தேடினாள். பக்கம் பக்கமாகப் படங்களைத் தள்ளினாள். என் பெயர் சொல்லப்போகிறாள், அல்லது ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறாள் என்று திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். பெட்டி சொன்னது: "உப்பு. உப்பு. உப்பு. வேண்டாம்."

ஏழு மாசமாக என் சமையலைத் தின்று வாய்மூடி இருந்திருக்கிறாள். தையல்காரர் சுவரில் சாய்ந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும் நான் கேட்டேன். அவர் இருக்கும்போதே கேட்டேன். "அந்தக் கடிதத்தை நான் சொன்னபடி ஏன் எழுதல? திட்டறதுக்குக் கேக்கல. தெரிஞ்சுக்கக் கேக்கறேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தேடினாள். ஆண் ஒருவன் நிற்கிற படம். பெட்டி, "அவர்" என்றது. சிவந்த முகம். "கோபம்." சூரியன் மேலே வருகிற படம். "நாளை." பெருக்கல் குறி போட்ட வட்டம். "இல்லை."

அவர். கோபம். நாளை. இல்லை.

தையல்காரர், "ஏதாவது விட்டுப்போச்சா?" என்றார். எதுவும் விட்டுப்போகவில்லை. என் கோபம் மறுநாள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் மறுநாளும் இருக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. எனக்கு இரண்டும் தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மவுஸைப் பிடித்திருந்த கை. அவள் உதறிவிட்டாள், பேச வேண்டியது இன்னும் இருந்தது.

சுண்டு, எனக்கு எழுதத் தெரியாது, நன்றி சொல்லவும் சரியாகத் தெரியாது. இந்தப் பெட்டிக்கு நன்றி. நீ அன்று கிளம்பி வந்ததற்கு நன்றி. வராமல் இருந்திருந்தால் நான் சொன்ன நாலு வரிதான் ஜெயித்திருக்கும்.

போனில் நீ கேட்டாயே, வரட்டுமா என்று. அதற்கு இப்போது பதில் சொல்கிறேன் என்று தையல்காரரை உட்கார வைத்தேன். உன் அண்ணி என் தோளைத் தள்ளிவிட்டுத் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுத்துவதை அழுத்துகிற வரிசையில் அவர் எழுதுகிறார். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பெண். பேருந்து. வீடு. வா. சாப்பாடு. கட்டில். நாள். பத்து.

பலகையில் எண்கள் பத்து வரைக்கும்தான் இருக்கின்றன. அதனால் மறுபடி பத்து. மறுபடி பத்து. தையல்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மொத்தம் எத்தனை பத்துன்னு முடிங்க, அப்புறம் எழுதறேன்" என்கிறார்.

அவள் இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்